மாப்பிள்ளையின் பச்சைக் கன்னம்

அரைகுறையாகப் படித்தவனை வீட்டு விசேஷத்தில் பக்கத்தில் சேர்க்கக் கூடாது. நான் யாரும் சேர்க்காமலே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்று என் அக்காவுக்கு நிச்சயதார்த்தம்.

அப்போது எம்.எஸ்சி. உயிர்வேதியியல், முதல் வருடம். மும்பை தாராவியில் எங்கள் சந்துக்கே நான்தான் விஞ்ஞானி (அப்படி நம்பியது நான் ஒருவன் மட்டும்). புறநகர் கல்யாண் பக்கமிருந்து வந்த மாப்பிள்ளைக்குக் கண்ணுக்குக் கீழே ரத்தம் கட்டிய காயம். "நேத்து லோக்கல் ரயில்ல ஏறும்போது ஒருத்தன் முழங்கை இடிச்சிட்டு மாமா," என்றார். அப்பா பாவமாகத் தலையாட்டினார். காயம் பச்சை நிறமாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்துத் தொலைத்தேன்.

"நேத்து பட்ட அடின்னா நீலமா இருக்கணும்ப்பா. ரத்தத்துக்குச் செவப்பு குடுக்குற ஹீமை ஒரு என்சைம் உடைச்சாத்தான் பச்சை வரும். அஞ்சு நாளாவது ஆகும். அந்த என்சைமுக்குன்னே ஒரு ஜீன் இருக்கு. ஜீன் பொய் சொல்லாது."

அதோடு விட்டேனா? "அஞ்சு நாளைக்கு முன்ன யார்கிட்ட அடி வாங்கினீங்க?" என்று மாப்பிள்ளையையே கேட்டேன். திமிர்!

அப்பா தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். முந்தைய சம்பந்தம், பையன் குடித்துவிட்டு அடிதடிக்குப் போகிறவன் என்று தெரிந்து முறிந்திருந்தது. உள்ளே அக்கா அழ ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். முந்தானையைத் தண்ணீரில் நனைத்து மகன் கன்னத்தை அழுத்தித் துடைத்தார். முந்தானை மஞ்சளானது. கன்னம் சுத்த நீலம்.

"வீக்கம் வத்தட்டும்னு காலைல நாந்தான் மஞ்சப் பத்து போட்டேன். ரயிலுக்கு நேரமாயிட்டுன்னு சரியாக் கழுவாம கூட்டியாந்துட்டேன். நீலத்து மேல மஞ்சளப் பூசுனா பச்சதான தெரியும்? இத காலேஜுல சொல்லித்தர மாட்டாவளாய்யா?"

"ஏல, வெளிய போ," என்றார் அப்பா. தட்டு மாறியதை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். (காயத்தின் நிறத்தை வைத்து நாள் கணக்குச் சொல்லவே கூடாதாம். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் படித்திருக்கவில்லை.)

மறு வருடம் அக்காவுக்குப் பெண் குழந்தை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், முகமெல்லாம் மஞ்சள். அதே ஹீம் உடைந்து கடைசியில் வரும் மஞ்சள்தான். பிறந்த குழந்தைகளுக்கு வரும் காமாலை. இந்தத் தடவை சத்தியமாக நான் சொன்னது சரி. "அத்தான், உடனே டாக்டரக் கூப்பிடுங்க!" என்று கத்தினேன்.

"இருங்க மச்சான்," என்றார் அத்தான். கைக்குட்டையை நனைத்து, மகள் கன்னத்தைத் துடைத்துப் பார்த்தார். பிறகுதான் டாக்டரைக் கூப்பிடப் போனார்.

குழந்தை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில், காமாலைக்கு வைக்கும் நீல விளக்கின் கீழ் கிடந்து தேறியது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நான் எதைப் பற்றி வாயைத் திறந்தாலும், "மாமா, மொதல்ல தொடச்சிப் பாத்தீங்களா?" என்கிறாள்.