நரி தெரியாத ஸ்கோப்

வெள்ளிக்கிழமையை எப்படியாவது மீட்டே தீருவது என்று தேவசுந்தரம் முடிவெடுத்தது ஒரு வெள்ளிக்கிழமையன்றுதான்.

முடிவெடுத்த இடம் ஒரு சோபா. அதுவும் அவர் வீட்டு சோபா அல்ல. மனைவி ஷாஜினியோடு ஷார்ஜா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் இன்னொரு நர்ஸ் வீட்டுச் சோபா. சுற்றிலும் ஏழெட்டு நர்சுகள். யாரோ ஒரு நோயாளியின் பித்தப்பையிலிருந்து எடுத்த கல்லைப் பற்றி, அதன் நிறம் வரைக்கும், சமோசா தின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். தேவசுந்தரத்தின் கையிலும் ஒரு சமோசா இருந்தது. கடிக்க மனம் வரவில்லை.

வளைகுடாவில் வெள்ளிதான் ஞாயிறு. ஆராதனைகூட அன்றைக்குத்தான். காலையில் ஆராதனை முடிந்தால், வீட்டுப் போர்வைகளை எல்லாம் துவைக்க வேண்டும். துவைத்து முடித்தால் ஹைப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டி தள்ள வேண்டும். தள்ளி முடித்தால் ஷாஜினியின் ஜெபக்கூட்டம். அதில் ஜெபம் சின்னது, கூட்டம் பெரியது. இவர் டிரைவராகப் போய்ச் சேர்ந்து, சோபாவாக மாறி, இருட்டிய பிறகு மறுபடி டிரைவராகித் திரும்புவார்.

எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா என்பீர்கள். கேட்டிருப்பார். விசா இடித்தது. நர்ஸ் வேலைக்கு முதலில் வந்தவள் ஷாஜினி. பிறகுதான் நாகர்கோவிலில் சும்மா இருந்த புருஷனைத் தன் விசாவில் வரவழைத்தாள். அவர் பாஸ்போர்ட்டில் ஸ்பான்சர் என்ற இடத்தில் மனைவியின் பெயர் இருந்தது. ஒருவன் பெண்டாட்டிக்கு அடங்கியவன் என்றால் ஊரில் நாலு பேர் வாயால்தான் சொல்வார்கள். இவருக்கு அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்திருந்தது. சிநேகிதர்கள் ஷாஜினியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "கஃபீல் என்ன சொல்றாங்க?" என்றுதான் கேட்பார்கள். அரபியில் கஃபீல் என்றால் ஸ்பான்சர்.

அந்தச் சிநேகிதர்களின் தலைவர் கோபாலசாமி. சாத்தூர்க்காரர், எலக்ட்ரீசியன். துபாயில் அல் குசைஸில் அவருடைய ரூமில் வெள்ளி சாயங்காலம் இருபத்தெட்டு ஆட்டம் நடக்கும். நாலு பேர் ஆடும் சீட்டு. மூன்று பேர் இருந்தார்கள்.

"தேவா, நாலாவது கை இல்லாம சீட்டுக்கட்டு அழுவுதுய்யா" என்று வாராவாரம் போன் பண்ணுவார் கோபாலசாமி. தேவசுந்தரமும் ஏறக்குறைய அழுதுவிட்டுப் போனை வைப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் நரி வந்தது.

தேவசுந்தரத்துக்கு முவைலாவில் ஏசி உதிரிபாகக் கடையில் கொள்முதல் வேலை. ஒரு நட்டு வாங்கவே அரைநாள் பேரம் பேசுவார். முதலாளியை எல்லாரும் அர்பாப் என்பார்கள். அவருக்கு ஃதைத் பக்கம் பாலைவனத்தில் ஒரு தோட்டம். அங்கே நரி வந்து ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிப் போகிறது. அர்பாப்பிடம் லைசென்ஸோடு ரைஃபிள் இருக்கிறது. கண்தான் இல்லை. அதாவது, இருட்டில்.

"தேவா! பக்ரி கா பச்சா கலாஸ்!" என்றார் அர்பாப், ஆட்டுக்குட்டி எல்லாம் தீர்ந்தது என்று கையை விரித்து. ரைஃபிளில் மாட்டி இருட்டில் பார்க்கிற ஸ்கோப் ஒன்று வேண்டும். "அச்சா வாலா. ரகீஸ் வாலா. யல்லா!"

நல்லதாகவும் இருக்க வேண்டும், மலிவாகவும் இருக்க வேண்டும், உடனேயும் வேண்டும். உலகம் தோன்றிய நாளிலிருந்து எல்லா முதலாளிகளும் கேட்பது இதைத்தான்.

அர்பாப்பின் லைசென்ஸ் நகலைக் காட்டியதும் வேட்டைச் சாமான் கடைக்காரன் மூன்று ஸ்கோப்புகளை, பார்த்துவிட்டுத் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டான். முதலாவது ரஷ்ய சரக்கு. கனம் ஜாஸ்தி, விலை கம்மி, உலகத்தைப் பாசி பிடித்த மாதிரி பச்சையாகக் காட்டும். இரண்டாவது இன்னும் தெளிவு, இன்னும் விலை. மூன்றாவது வெளிச்சமே இல்லாமல் உடம்புச் சூட்டை வைத்து ஆளைக் காட்டுவது. அதன் விலையைக் கேட்டால் நம் உடம்புச் சூடு ஸ்கோப் இல்லாமலேயே தெரியும்.

மலிவு வேண்டுமென்றால் முதலாவதுதான் என்று கடை வாசலிலேயே தேவசுந்தரத்துக்குத் தெரிந்துவிட்டது. காரில் ஏறி சாவியைத் திருகும்போது இன்னொன்றும் தெரிந்தது. தேர்ந்தெடுக்காதவரை வெள்ளிக்கிழமை தன்னுடையது!

அன்று சாப்பாட்டு மேஜையில் பெட்டிகளைப் பரப்பினார்.

"என்னவாக்கும் இது?" என்றாள் ஷாஜினி.

"ஸ்கோப்பு. அர்பாப்புக்கு. இருட்டுல கொண்டு போய்ப் பாத்துதான் எடுக்கணும். அதனால இனி வெள்ளிக்கிழம சாயங்காலம் நான் தோட்டத்துக்குப் போவணும்."

"வெள்ளிக்கிழமையா? எனக்க ஜெபக்கூட்டத்துக்கு யாரு கொண்டு விடுவா?"

"வேலைன்னா வேலைதான புள்ள. நீ நைட் டூட்டிக்குப் போவும்போ நான் கேட்டேனா?"

இந்த வரியை அவர் காரிலேயே மூன்று முறை ஒத்திகை பார்த்திருந்தார்.

ஷாஜினி ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தாள். "இருட்டுதான வேணும்? பாத்ரூம்ல லைட்ட அணைச்சா இருட்டுதானே?"

"பாத்ரூம்ல நரி வருமா?"

"நரி வராது. துணி காயப் போடுத கிளிப்பு தெரியுதான்னு பாத்தா போராதா?"

"நரி பாக்க வாங்குத சாமான வச்சு கிளிப்பு பாக்கியதா? இதெல்லாம் பெரிய விஷயம் ஷாஜினி. காத்து, தூரம், நெலா, எல்லாம் இருக்கு. உனக்குப் புரியாது."

"சரி. பைய போயிட்டு வாங்க" என்றாள் ஷாஜினி.

அவள் இத்தனை சீக்கிரம் சரி என்று சொன்னது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. தேவசுந்தரம் அதைத் தன் சாமர்த்தியம் என்றே எடுத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளி அல் குசைஸ் ரூமில் ஆரவாரமான வரவேற்பு. ஸ்கோப் பெட்டிக்கும் அங்கே வேலை இருந்தது. ஏசிக் காற்றில் சீட்டு பறக்காமல் இருக்க அதைத் தூக்கி மேலே வைத்தார்கள். திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இருபத்தெட்டு ஆட்டத்தில் நரி கிடையாதே.

கிளம்பும்போது தேவசுந்தரத்துக்கு ஒரு ஞானோதயம். பாலைவனத்துக்குப் போய் வந்தவன் ஷூவில் மணல் இல்லாமல் எப்படி இருக்கும்? ரூமுக்குக் கீழே ஒரு புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. துபாயில் அப்போதெல்லாம் கட்டடம் எழும்பாத இடத்தைத்தான் தேட வேண்டும். ஓரத்தில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு மூடிய, கலவைக்குத் தயாராக இருந்த ஒரு சாம்பல் நிற மணல் குவியல். விரிப்பைத் தூக்கி ஒரு பிடி அள்ளினார். ஷூவில் பாதி, சாக்ஸில் பாதி. தன் புத்தியை நினைத்து அவருக்கே உடம்பு புல்லரித்தது.

"எப்பிடி இருந்துது?" என்றாள் ஷாஜினி.

"கனம். அர்பாப்புக்குக் கை வலிக்கும். கொள்ளாது" என்று ஷூவை வாசலில் பலமாகத் தட்டினார். மணல் கொட்டியது. சாக்ஸைக் கழற்றி வாஷிங் மெஷினில் தாராளமாகப் போட்டார்.

அடுத்த வாரம் இரண்டாவது ஸ்கோப். அதற்கு பேட்டரி நிற்கவில்லை. அதற்கடுத்த வாரம் மறுபடி முதலாவது, நிலா இல்லாத நாளில் பார்க்க வேண்டுமாம். அப்புறம் மறுபடி இரண்டாவது, பனி விழும் நாளில் பார்க்க வேண்டுமாம். வாராவாரம் ஸ்கோப்புகளின் குறை ஏறிக்கொண்டே போனது. தேவசுந்தரத்தின் ஆட்டமும் ஏறிக்கொண்டே போனது. அர்பாப் கேட்டால், "சார், மெஷின் விஷயம், ஜல்தி மாஃபி குட்" என்று, அவசரம் ஆகாது என்பதை அவர் பாஷையிலேயே சொல்லிச் சமாளித்தார். ஃதைத்தில் ஆட்டுக்குட்டிகள் மட்டும் குறைந்துகொண்டே வந்தன.

ஷாஜினி கோபப்படவில்லை. அதுதான் ஆச்சரியம். பாலைவனத்தில் குளிருமே என்று ஃபிளாஸ்கில் பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். கோழி பொரித்துக் கட்டிக் கொடுத்தாள். கோபாலசாமி கோழிக்காலைக் கடித்துக்கொண்டே, "யோவ், கஃபீல் தங்கம்யா. நீரு சும்மா பயந்து சாகுறீரு" என்றார். தேவசுந்தரத்துக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கையில் நல்ல சீட்டு வந்திருந்ததால் அது சீக்கிரம் போய்விட்டது.

ஒரே ஒரு குறை.

"ஷாஜினி, எனக்க சாக்ஸ் ஒண்ணையும் காணல்லியே?"

"காயுது."

"போன வாரம் போட்டதா?"

"அது பையத்தான் காயும்" என்று சொல்லிவிட்டு அவள் டூட்டிக்குப் போய்விட்டாள்.

கடைசியில் மூன்றாவது ஸ்கோப்பின் முறை வந்தது. அதாவது சூடு பார்க்கும் ஸ்கோப். இதையும் குறை சொல்லி, கடைக்காரனிடம் நாலாவது ஒன்று கேட்பதாக தேவசுந்தரம் திட்டம் போட்டிருந்தார். அந்த வெள்ளி ஆராதனை முடிந்து, போர்வை துவைத்து, அவர் குளித்து வருவதற்குள் ஷாஜினி பெட்டியை மூடிக் காரிலேயே வைத்துவிட்டாள். ஃபிளாஸ்கும் வைத்திருந்தாள்.

"வெல கூடின சாமானாக்கும். கீழ போட்டுராதிய" என்றாள்.

எந்தப் புருஷனுக்குத்தான் நெஞ்சு நிறையாது? அன்றைக்கு ஆட்டத்தில் தேவசுந்தரம் யாரையும் எழுந்திருக்க விடவில்லை. பெட்டியும் வழக்கம்போலச் சீட்டைக் காத்தது. வழக்கம்போல ஒரு பிடி மணல். வழக்கம்போல வீடு.

ஷாஜினி மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு வழக்கத்தைவிட அக்கறையாகக் கேட்டாள்.

"நரி வந்துதா?"

"ரெண்டு வந்துது."

"தெரிஞ்சுதா?"

"எங்க தெரிஞ்சுது? வெள்ளையாட்டு என்னமோ அசையுது. நரியா, ஆடா, அர்பாப்புக்க வாட்ச்மேனா, ஒண்ணும் மனசிலாவல்ல. வாட்ச்மேனச் சுட்டுட்டா யாரு பதில் சொல்லுவா?"

"அய்யோ! பெறவு?"

"பெறவு என்ன, வேலிக்குப் பக்கத்துல குத்தவச்சு, கண்ண இடுக்கி இடுக்கிப் பாத்தேன். கண்ணு ரெண்டும் பூத்துப் போச்சு. அம்பிடு வெல குடுத்து இத வாங்கப்பிடாது. இன்னொண்ணு பாக்கணும்."

"அப்போ இதும் கொள்ளாது."

"சுத்தமாட்டு கொள்ளாது."

"பெட்டியத் திறங்க" என்றாள் ஷாஜினி.

தேவசுந்தரம் திறந்தார்.

உள்ளே ஸ்கோப் இல்லை. கனத்துக்கு இரண்டு பொட்டலம் உப்பு இருந்தது. உப்பின் மேல் ஒரு ஜோடி சாக்ஸ் இருந்தது. அவருடையதுதான். ஷாஜினி அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சாக்ஸ் இரண்டும் கால் இல்லாமலேயே நிமிர்ந்து நின்றன. விரலால் தட்டிக் காட்டினாள். டொக் டொக் என்றது.

"ஃதைத் மண்ணு செவப்பாக்கும். தண்ணில போட்டா கரையும். உங்க மண்ணு மெஷின்ல போட்டதும் வார்ப்பு புடிச்சுப் போச்சு. பாலைவனத்துல சிமெண்டு எப்பம் முதல் வெளையுது?"

தேவசுந்தரம் சாக்ஸைப் பார்த்தார். அந்தச் சாக்ஸுக்கு இருந்த உறுதி அவர் காலுக்கு இல்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பின்ன... அந்த ஸ்கோப்பு?"

"மூணயும் பாத்ரூம்ல லைட்ட அணைச்சுப் பாத்தேன். மொதல்ல உள்ள பச்சையே போரும். கிளிப்புக்க கம்பி வரைக்கும் தெரியுது. ஆட்டுக்கொட்டிலுக்கும் வேலிக்கும் எம்பிடு தூரம் இருக்கும்? அதுக்கு இது தாராளம். கனம்னா என்ன, அர்பாப்பு மதில்ல சாய்ச்சு வச்சுதான சுடப் போறாரு? பேட்டரியும் பக்கத்துக் கடையில கெடைக்கும். அவரு கண்ணாடி போடுத ஆளு. இதுல கண்ணத் தள்ளி வச்சே பாக்கலாம், வெடிக்கும்போ புருவத்துல இடிக்காது."

"அர்பாப்பு கண்ணாடி போடுவாருன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அவருக்க உம்மா எனக்க வார்டுலதான கண்ணு ஆப்பரேஷன் பண்ணிக் கெடக்காவ. டெய்லி பாக்க வருவாரு. நீங்க போன பெறவு வீட்டுக்கு வந்து பச்சைய எடுத்துட்டுப் போயாச்சு. மத்த ரெண்டும் கடையில குடுத்தாச்சு."

வேலை போய்விடுமோ? "என்னப் பத்தி... அவருட்ட... என்ன சொன்ன?"

"எனக்க மாப்பிளயப் பத்தி நான் கொறச்சலாட்டா சொல்லுவேன்?"

அதற்குள் போன் அடித்தது. அர்பாப். தேவசுந்தரம் நின்றுகொண்டே எடுத்தார்.

"தேவா! ஸ்கோப் பஹுத் அச்சா! ரகீஸ்! மேடம் எல்லாம் சொல்லிச்சு. நீ பாலைவனம் ரொம்ப பசந்த், ரொம்ப பிடிக்கும். எவரி ஜும்மா போறே, குளிர்ல உக்காந்து நரி பாக்கறே. மேரா பாய்! இனிமே எவரி ஜும்மா நீ என் தோட்டம். நீ ஸ்கோப்ல பாரு, வாட்ச்மேன் நரி விரட்டும். பனிக்காலம் கலாஸ் ஆகிற வரைக்கும். குஷ்?"

வாராவாரம் போனதாகச் சொன்னவர் போக மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போகவே இல்லை என்று சொன்னால் வேலையே இல்லை.

"குஷ், அர்பாப்" என்றார் தேவசுந்தரம். அந்தக் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

போனை வைத்தார். கடைசியாக ஒரு கிளை தென்பட்டது. அதைப் பிடித்தார். "அப்போ உன்ன ஜெபக்கூட்டத்துக்கு யாரு கொண்டு விடுவா? போர்வ துவைக்கணும், சாமான் வாங்கணும்..."

"அதெல்லாம் முடிச்சிட்டுப் போனா போரும். நரி இருட்டுனாதான வரும். ஜெபக்கூட்டத்துக்கு அர்பாப்பு கார் அனுப்புதேன்னு சொல்லிட்டாரு. ஃபிளாஸ்குல சாயா தாறேன். கோழி கெடையாது."

தேவசுந்தரம் சாக்ஸைக் கையில் எடுத்தார். எதற்கு என்று தெரியவில்லை. திரும்பவும் வைத்தார். அது நின்றது.

ஷாஜினி எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாதியில் நின்று, மறந்துபோனதை ஞாபகப்படுத்திக்கொண்டவள் போலத் திரும்பினாள்.

"பெறவு, கோபாலசாமி அண்ணனுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன், நாலாவது கைக்கு வேற ஆளப் பாத்துக்கிட."