ஊறும் சுவருக்கு ஒரு கலண்டர்

மனிதர்களில் ஓரினம் இருக்கிறது. சுவர் ஊறினால் அதைக் காயவைக்காது, மறைக்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் பக்கத்தில் தவளைகளோடு சேர்ந்து இவர்களும் வெளிப்படுவார்கள். நீங்களும் கண்டிருப்பீர்கள். ஒரே ஹோலில் நாலு கலண்டர் தொங்குவது எதற்கு? நாலு தரம் திகதி பார்க்கவா?

சண்டிலிப்பாய்த் தில்லைநாதன் இந்த இனத்தின் திலகம். மழை பிடித்தால் அவருடைய ஹோல் சுவரில் முதலில் உள்ளங்கையளவு ஈரம் தெரியும், பிறகு பெயின்ற் பொருமி உரியும், பிறகு கறுப்பு உழுந்து தூவிவிட்டதுபோலப் பூஞ்சணம் பிடிக்கும், பிறகு அலுமாரிக்குள் மடித்துவைத்த சேலை வரைக்கும் அதன் மணம் போய்ச் சேரும். இத்தனைக்கும் அவர் செய்கிற வைத்தியம் ஒன்றுதான். ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வருவார். பூஞ்சணம் என்ற சொல்லே அவர் வாயில் வராது. கேட்டால், "சுவர் கொஞ்சம் குளிர்மையாய்க் கிடக்கு" என்பார்.

காரணம் தெரியாதவரா? நன்றாகத் தெரியும். கூரைப் பீலியில் மாவிலை அடைத்து, மழைத்தண்ணீர் முழுவதும் சுவரோடு வழிகிறது. மனைவி பத்மாசினி சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார்.

"இஞ்சாருங்கோ, ஏணியை வைச்சு உந்தப் பீலியைத் துப்பரவாக்குங்கோவன்."

"மழை விடட்டும்."

மழை விட்டபின் கேட்டால், "இப்ப என்னத்துக்கு? மழைதான் விட்டிட்டுதே!"

இந்த நியாயத்தை எந்த நீதிமன்றத்தில் வெல்வீர்கள்?

இந்தமுறை விஷயம் பெரிது. மகள் ஆரபிக்குச் சுன்னாகத்திலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை கிருஷாந். சாதகம் பொருந்திவிட்டது. பிள்ளைகள் இரண்டும் அதற்கு முன்பே தங்களுக்குள் பொருந்திவிட்டார்கள். மிச்சம் இருந்தது வீடு பார்ப்பதுதான். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெண்ணை ஒருதரம் பார்ப்பார்கள், சீதன வீட்டை அறை அறையாகப் பார்ப்பார்கள். ஒரு சுவரால் கிருஷாந் கைவிட்டுப் போய்விடுவானோ என்று ஆரபிக்குச் சோறு இறங்கவில்லை.

"பயப்பிடாதை பிள்ளை, அப்பா பாக்கிறன்" என்றார் தில்லைநாதன்.

பார்த்தார். கொட்டும் மழையில், ஊறிய சுவரின்மேல், அவர்கள் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் வெண்ணெய் நிறத்தில் பெயின்ற் அடித்தார். மூன்று கலண்டரும் ஒரு இயற்கைக் காட்சியும் கொழுவினார். அப்படியும் ஒரு துண்டு சுவர் மிஞ்சியது. அதை மறைக்க ஆள் வேண்டும் என்று கண்டு அங்கே ஒரு கதிரை போட்டார். விருந்தாளியையே திரையாக்கும் இந்த மூளை வேறு யாருக்கு வரும்!

மறுநாள் அந்தக் கதிரையில் மாப்பிள்ளையின் தாய் பூரணம் வந்து அமர்ந்தார். தாராளமான உடம்பு. அரக்குப் பட்டுச்சேலை. வசதியாகச் சாய்ந்தும்கொண்டார். தில்லைநாதனின் முகத்தில் நிலா எறித்தது. காணியைப் பற்றிக் கதைத்தார்கள், கிணற்றுத் தண்ணீரின் நன்மையைக் கதைத்தார்கள். பூரணம் தேநீர் எடுக்க முன்னே குனிந்தார்.

சுவரும் கூடவே வந்தது.

பெயின்ற் பாய்போல உரிந்து அவருடைய முதுகில் ஒட்டிக்கொண்டது. உரிந்த இடத்தில் பழைய பூஞ்சணம் கன்னங்கரேலென்று சபைக்கு வந்தது. ஆரபி தேநீர்த் தட்டத்தோடு போய் அந்த இடத்தை மறைத்து நின்றாள். மாப்பிள்ளையின் தகப்பன் தியாகலிங்கம் மெல்ல எழுந்து போய், ஒரு கலண்டரை ஒற்றை விரலால் தூக்கி, பின்னால் பார்த்து, மோந்தும் பார்த்தார். பத்மாசினி தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டார்.

"அண்ணை, நேற்றோ அடிச்சனீங்கள்?" என்று கேட்டார் தியாகலிங்கம்.

"ஓம்" என்றார் தில்லைநாதன்.

"பிழை விட்டிட்டியள். ஈரத்திலை பெயின்ற் நிக்காது. நான் எங்கடை வீட்டிலை முதல் பிளாஸ்ரிக் சீற் ஒட்டி, அதுக்கு மேலைதான் படம் கொழுவினனான்."

"ஏணியிலை ஏற மாட்டாத மனுசன்!" என்று முதுகில் சுவரோடு கத்தினார் பூரணம்.

"உங்கடை அவருமோ?" என்று பத்மாசினி பாய்ந்து வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

அவ்வளவுதான், கலியாணம் நிச்சயமாகிவிட்டது. ஆரபி தட்டத்தை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சம்பந்திகள் இருவரும் அந்த இடத்திலேயே, நாள் வைப்பதற்கு முன்பே, கலியாணப் படத்தின் அளவைத் தீர்மானித்தார்கள். கதவளவு. இரண்டு பிரதி. ஆளுக்கொரு சுவருக்கு.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் வாசிக்கிறபோது உங்கள் கண் ஒருதரம் எழும்பி, வீட்டின் ஒரு மூலைக்குப் போய், அங்கே தொங்குகிற ஒன்றைத் தொட்டுவிட்டு வந்ததே, கவனித்தீர்களா? நான் கவனித்தேன். பயப்படாதீர்கள், உங்கள் வீட்டுக்கு வந்தால் எதையும் தூக்கிப் பார்க்கமாட்டேன். என்னுடைய கதிரையை மட்டும் ஹோலின் நடுவில் போடுங்கள். நான் வெள்ளைச் சேட்டுத்தான் போடுகிறவன்.