புங்கமரத்து ஆறடி

பரலோகப் பிரஜை என்றோர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஞாயிறு ஆராதனையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார். நலமா என்று கேட்டால், "இங்க இன்னாங்க இருக்குது, நாம வழிப்போக்கருங்க" என்பார். அவர் வீட்டுக் கதவின் கீல் போய் மூன்று வருஷம். கர்த்தர் வரப்போகிற காலத்தில் கதவு எதற்கு? சபையில் யாராவது வேலை என்று வாய் திறந்தால், உடனே கண்மூடி ஜெபத்தில் இறங்கிவிடுவார். சாப்பாடு என்றால் விழித்துக்கொள்வார்.

களமருதூர்ப் பக்கம் பாக்கியநாதன் இந்த இனத்தில் முதல் தரம். அவருடைய அக்கா தங்கமணிக்கு அதில் கொள்ளைப் பெருமை. "எந்தம்பிக்கு இந்த ஒலகத்துல ஒரு சாண் மண்ணு மேல ஆச கெடையாது" என்று குழாயடியில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

உண்மைதான். ஆறடியைத் தவிர.

கல்லறைத் தோட்டத்து மேட்டில், புங்கமர நிழலில், உயிர்த்தெழுந்தால் கிழக்கே பார்க்கும்படி தமக்கென்று ஆறடி இடம் பிடித்து, நாலு மூலைக்கும் கல் நட்டு, வருஷா வருஷம் சுண்ணாம்பும் அடித்து வைத்திருந்தார். ஆடு படுத்தால்கூட விரட்டுவார்.

மழைக்கு முன் அந்தத் தோட்டத்தில் வடிகால் வெட்ட வேண்டும் என்று போதகர் ஆள் கூப்பிட்டார். "அழிஞ்சிபோற மண்ண வெட்டி இன்னா ஆவப்போவுது?" என்றார் பாக்கியநாதன். கேட்க வேத வசனம் போலவே இருந்ததால், மற்றவர்களும் வீட்டில் இருந்துவிட்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள், அதே சபையில் கூலிவேலை செய்து பிழைக்கும் முனியனின் அப்பா இறந்துபோனார். தோட்டத்தில் முழங்கால் தண்ணீர். எங்கே தோண்டினாலும் குழி கிணறாயிற்று. மேட்டில், நாலு வெள்ளைக் கல்லுக்கு நடுவே மட்டும்தான் தண்ணீர் ஏறாத இடம். தோளில் பெட்டியோடு ஆட்கள் நின்றார்கள். முனியன் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாக்கியநாதன் வானத்தைப் பார்த்தார். வழக்கமாகப் பார்க்கும் திசைதான். அன்று அங்கிருந்து மழைதான் வந்தது.

"இன்னாடா தம்பி, மேல பாத்துக்கினு நிக்கிற?" என்றாள் தங்கமணி. "அங்க எடம் இருக்குதுன்னு நீதான சொல்லிக்கினு திரியற? இத வுட்டுக் குடு."

"அக்கா, நெழலு..."

"அப்பன தண்ணியில போட்டுட்டு அவன் எப்பிடிடா வூட்டுக்குப் போவான்?"

பாக்கியநாதன் குனிந்தார். நாலு கல்லையும் தாமே பிடுங்கினார். மண்வெட்டியையும் தாமே வாங்கினார். அவர் அதைப் பிடித்த அழகைப் பார்த்து, பெட்டி சுமந்தவர்களில் ஒருவருக்கு அந்த மழையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

மழை விட்ட சனிக்கிழமை, வடிகால் வெட்ட முதல் ஆளாக அவர்தான் வந்தார். கை கொப்புளிக்க வெட்டினார். "பாத்தீங்களா எந்தம்பிய!" என்று தங்கமணி எல்லாருக்கும் மோர் ஊற்றினாள். வடிகால் மட்டும் வேலியோரத்து வேப்பமரத்தருகே நேராகப் போகாமல், மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் போயிற்று. ஏன் என்று பார்த்தால், மரத்தடியில் நாலு கற்கள். சுண்ணாம்புகூடக் காயவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் கடைசியாக நீங்கள் ஓர் அடக்கத்துக்குப் போனபோது, ஜெபம் நடக்கையில் உங்கள் கண் எந்த மரத்தடியில் இருந்தது?