மூன்றாம் நிலையில் அப்பா விழுந்தது

தெஹியோவிட்ட,
வெள்ளிக்கிழமை

மாதா துணை. அன்பு மகள் ஸ்டெபானிக்கு, அப்பா செல்வநாயகம் எழுதுவது. இங்கே நான், அம்மா, தோட்டத்து லய வீட்டின் பின்பக்க வாழை, மூவரும் சுகம். மூவரில் வாழைதான் கூடுதல் சுகம்; காரணம் கீழே வரும். போனில் சொல்லலாம்தான், குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் றப்பர் மலையில் சிலுவைப்பாதை போனோம். மூன்றாம் நிலை, இயேசுநாதர் முதல்முறை விழுகிற இடம். பங்குச் சுவாமி வாசித்து முடிக்கவில்லை, நான் விழுந்துவிட்டேன். கால் பஞ்சாகிப்போனது. சனங்கள் பக்தி என்று நினைத்து எனக்குப் பின்னால் வரிசையாக முழந்தாளிட்டார்கள். உன் சித்தி மரியம், "அத்தானுக்கு இவ்ளோ விசுவாசமா!" என்று அழுதே விட்டாள். நான் எழும்பவேயில்லை என்பதை அம்மாதான் கண்டுபிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்செல்லாம் வயர். என் பழுதான கிட்னி பொட்டாசியத்தை வெளியே தள்ளாமல், அது இரத்தத்தில் ஏறி இருதயத்தைத் தடுமாற வைக்கிறதாம். உன் வயசு டொக்டர் மிஸ், மகள் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரிச் சிங்களத்தில் "தாத்தே" என்று கூப்பிட்டு, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். உன் பரீட்சைக்காகத் தவக்காலம் முழுக்க மீன், இறைச்சி விட்டதைப் பெருமையாகச் சொன்னேன். அப்போ பசிக்கு? பலாக்காய், வாழைப்பழம், வெயிலுக்குத் தெம்பிலி இளநீர். அவர் பேனாவை மூடிவிட்டார். பொட்டாசியம் கூடின, ஆகாததையெல்லாம் தேடித் தேடித் தின்று விரதம் இருந்திருக்கிறேனாம்.

அன்று பின்னேரம் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. பார்த்துக்கொண்டே கிடந்தேன். முப்பது வருஷம் றப்பர் மரத்தைக் கீறிச் சிரட்டையில் பால் பிடித்தவன். அன்றைக்கு நானே மரம். மெஷினில் பச்சைக் கோடு மலை மலையாக ஏறி இறங்கியது. அதன்மேல் நீ புத்தகத்தோடு நடந்து போனாய். கூப்பிட்டால் உனக்கு மூச்சு வாங்குமே என்று சும்மா இருந்தேன்.

வீட்டுக்கு வந்தால், காய்கறியை நறுக்கி அவித்துத் தண்ணீரைக் கொட்ட உத்தரவு. அவ்வளவு சத்தையும் கொட்டுவதா? மிளகு போட்டு மூன்று நாள் ஒளித்துக் குடித்தேன். அம்மா பிடித்துவிட்டாள். "பொட்டாசியமே அந்தத் தண்ணியிலதாங்க எறங்குது! அத குடிக்க நீங்க என்ன வாழ மரமா?" இப்போது வாழைக்குத்தான் ஊற்றுகிறாள். குலை தள்ளிவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பொட்டாசியம் அன்றைக்கு 6.8 இருந்தது, இன்று கிளினிக்கில் 5.1. "நோய் கூடினா படிப்ப விட்டுட்டு வந்து என் கிட்னிய தருவேன்" என்று முன்னம் சொன்னாயே, அந்தப் பேச்சே வேண்டாம். பரீட்சை எழுது. வர வேண்டாம். உன் பேனாவில் மை வற்றாமல் மாதா பார்த்துக்கொள்வாள்.

அன்பு அப்பா

பி.கு.: விழுந்தபோது என் வாய் அசைந்ததாம், செபம் சொன்னேன் என்கிறார்கள். சத்தம் வரவில்லை, அதனால் நான் சொன்னது யாருக்கும் தெரியாது. "ஸ்டெபானி, வந்துரும்மா."