வில்லன் பேசி முடிப்பதற்குள்

மோட்டார் ஓடும் கால் மணி நேரத்தில் வீடியோ கேமில் ஒரு சண்டையை முடித்துவிடலாமே என்ற யோசனை எனக்குக் காலை பத்து மணிக்கு வந்தது, மும்முனை கரண்ட் வந்த கையோடு. அதற்கு முன் எனக்கு வந்த யோசனைகளும் ஏறக்குறைய இதே தரம்தான்.

அப்பா கீழ்வேளூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். குறுவை நாற்றங்காலில் முந்தின நாள்தான் முளைகட்டிய விதை தெளித்திருந்தது. முதல்முறையாக மோட்டாரை என்னை நம்பி விட்டார் (நானே கெஞ்சி வாங்கிய பொறுப்பு).

"மெல்லிசா நனைஞ்சா போதும்மா. விதை மிதந்துடக் கூடாது."

"இன்ஜினியரிங் படிச்சவப்பா நான். ஒரு சுவிட்சை அணைக்கத் தெரியாதா?"

விளையாட்டு, சிங்கப்பூரிலிருந்து அண்ணன் அனுப்பியது. எனக்குப் பிடித்த ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடரின் பெயரில் வந்தது. அனிமேயிலிருந்து பிறந்த விளையாட்டுகளில் இது எனக்கு ஐந்தாவது ஏமாற்றம். தொடரில் காற்றைக் கிழித்து ஓடும் நாயகன், இதில் முதுகில் பலகை கட்டியவன் மாதிரி ஓடுவான். ஆறு என்று நீல பிளாஸ்டிக் பாயை விரித்திருப்பார்கள். கதையோ, நான் நான்கு முறை பார்த்து அழுத அதே முதல் பாகம். அதையும் அசையாத படங்களாகக் காட்டிச் சொல்வார்கள். எல்லாம் தெரிந்தும் உட்காருவேன். அலுப்பும் ஒரு பழக்கம்தான்.

மோட்டாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மூன்று நாளாக என்னைக் கொன்றுகொண்டிருந்த வில்லனை அன்று பாதி வீழ்த்திவிட்டேன். உடனே அவன் தன் இளமைக்காலத்தைச் சொல்ல ஆரம்பித்தான். தாண்டவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. மோட்டாரை அணைக்க எழுந்து ஓடலாம்தான். ஆனால் பேச்சு முடிந்த அடுத்த நொடி அடிப்பான். நான் இல்லாவிட்டால் செத்துப்போவேன். திரும்பவும் அதே இளமைக்காலம். காதில் ஹெட்செட். மோட்டார் சத்தத்துக்குப் பதில் ஜப்பானியத் துயரம்.

யாரோ ஹெட்செட்டைப் பிடுங்கினார்கள். பக்கத்து வயல் கோவிந்தராஜ் மாமா.

"ஏ பாப்பா! உங்க விதையெல்லாம் எங்க வயலுக்குக் குடி வந்துருச்சு!"

ஓடினேன். வரப்பு உடைந்திருந்தது. விளையாட்டில் அசையாத தண்ணீர், இங்கே அவ்வளவு தத்ரூபமாக ஓடியது.

சாயங்காலம் தாம்பூலப் பையோடு அப்பா வரப்பில் நின்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"என்னம்மா பண்ணிட்டிருந்த?"

"வில்லன் பேசிட்டிருந்தான்பா."

"தள்ளி விடுற பட்டன் கிடையாதா?"

"கிடையாதுப்பா."

"இதைக் காசு குடுத்தா வாங்குனான் உங்கண்ணன்?"

ஐந்து விளையாட்டுகளுக்கு நான் எழுதிய நீண்ட விமர்சனங்கள் எதுவும் இந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

மறுபடி விதை ஊறவைத்தோம். நடவு பத்து நாள் தள்ளிப்போனது. மோட்டார் ரூம் சாவி அப்பாவின் இடுப்புக்குப் போய்விட்டது. கோவிந்தராஜ் மாமா வயலில் மட்டும் என் நாற்று திட்டுத் திட்டாக, பச்சைப்பசேலென்று வந்தது. இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் எந்த உறவினர் பேச்சை இழுத்தாலும், காபி கொடுக்கிற சாக்கில் அம்மா என் காதில் கேட்பாள்: "இவருக்குப் பட்டன் எங்கடி இருக்கு?"

அடுத்த மாதம் சம்பா நாற்றங்கால். அதே வாரம் அந்த விளையாட்டின் இரண்டாம் பாகமும் வருகிறது. கால் மணியில் தானாக நிற்கும் டைமரை அப்பா முன்னாலேயே மோட்டாருக்கு நானே மாட்டி, சாவியைத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அப்பா யோசிப்பதாகச் சொன்னார். மோட்டாருக்கு வழி பிறந்துவிட்டது. வில்லனுக்குத்தான் இன்னும் டைமர் கிடைக்கவில்லை.