ரசமட்டம் வைத்து விமானம் ஓட்டிய கதை

பாடம் படிக்காதவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். தப்பான பாடத்தை மனப்பாடமாகப் படித்து வந்தவளை என்ன செய்வது? நான் அந்த இரண்டாவது ரகம்.

இப்போது விமானம் ஓட்டிப் பிழைக்கிறேன். அப்போது பயிற்சி மாணவி. விமானம் திரும்புவதைக் காட்டும் கருவியின் அடியில் ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு கறுப்புப் பந்து இருக்கும். பந்து நடுவில் நின்றால் திருப்பம் சுத்தம். ஒதுங்கினால் விமானம் சறுக்குகிறது என்று அர்த்தம். பந்து போன பக்கத்து மிதியைக் காலால் அழுத்த வேண்டும். அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எனக்கு வரவே இல்லை.

“லீவு முடிஞ்சு வரும்போது பந்து நடுவுல நிக்கணும். இல்லேன்னா தனியா ஓட்ட விடமாட்டேன்” என்றார் பயிற்சியாளர்.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பீர்க்கன்கரணை வீட்டுக்கு வந்தேன். அப்பா கட்டட மேஸ்திரி. கேட்டதும் சிரித்தார்.

“இன்னாம்மா, இவ்ளோதானா? குமிழி எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கம் தட்டு. நான் தெனம் அதான பண்ணிகினு கீறேன்!”

தளம் மட்டமாக இருக்கிறதா என்று குமிழி வைத்துப் பார்க்கும் தன் ரசமட்டத்தை எடுத்து வந்து, தன் வேனுக்குள் முன்கண்ணாடிக்குக் கீழே குறுக்காக ஒட்டினார். (அம்மா: “ரெண்டு பேருக்கும் மறை கயண்டுகிச்சு.”) ஏரிக்கரையிலிருந்து குன்றத்தூர் வரை ஒரு வளைவையும் விடவில்லை. அப்பா வேனை ஒடிப்பார். என் உடம்பு ஒரு பக்கம் சாயும், குமிழி எதிர்ப்பக்கம் ஓடும், நான் குமிழிப் பக்கத்துக் காலால் தரையை மிதிப்பேன். லீவு முடிவதற்குள் குமிழியைப் பார்க்காமலே கால் தானாகப் போனது. உடம்பு இடது பக்கம் சாய்ந்தால் வலது கால். (தலைக்கனம் வேறு.)

மேஸ்திரியும் சரி, வருங்கால விமானியும் சரி, ஒன்றை யோசிக்கவில்லை. குமிழி லேசானது, உடம்பு சாய்வதற்கு எதிராக ஓடும். பந்து கனமானது, உடம்போடு சேர்ந்தே ஓடும்.

லீவு முடிந்து பள்ளிக்குப் போன அன்று, மேலே போய் இடது பக்கம் திருப்பினேன். “உள்ளயே பாக்காத, வெளிய பாத்து ஓட்டு” என்றார் பயிற்சியாளர். உடம்பு வலது பக்கம் சாய்ந்தது. குன்றத்தூர் வரை போய்ப் படித்துவந்த என் இடது கால் பாய்ந்து அழுத்தியது. இன்னும் சாய்ந்தேன். இன்னும் அழுத்தினேன். பக்கத்தில் பயிற்சியாளரின் கன்னம் ஜன்னலில் போஸ்டர் மாதிரி ஒட்டியது.

“பந்து எங்கம்மா?”

“ஓரத்துல சார்.”

“ஓரத்துலயா? அது எறங்கி வீட்டுக்கே போயிடுச்சு! விடு, நான் ஓட்டறேன்!”

முதல்முறை தனியாக ஓட்டி இறங்குபவர் தலையில் தண்ணீர் ஊற்றுவது பயிற்சிப் பள்ளிகளில் வழக்கம். இதை அப்பாவிடம் எப்போதோ சொல்லித் தொலைத்திருந்தேன். மனுஷர் சொல்லாமல் கொள்ளாமல் வேனில் அத்தனை தூரம் வந்து, பக்கெட்டோடு காத்திருந்தார். தலைகுனிந்து வந்த என்மேல் முழுவதையும் கவிழ்த்தார். நல்லவேளை, அழுதது தெரியவில்லை.

“சார், அவ இன்னும் தனியாப் போகல” என்றார் பயிற்சியாளர்.

துண்டால் என் தலையைத் துவட்டிக்கொண்டே அப்பா நடந்ததையெல்லாம் கேட்டார். கை நின்றுவிட்டது. “அப்ப நான்தான் உன்ன கெடுத்துட்டனா?”

துண்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். “கால் சரிதாம்பா. உடம்புதான் தப்பா கத்துகிச்சு” என்றேன்.

அடுத்த வாரமே மறுபடி வந்து நின்றார். மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் டியூபில் ஒரு துண்டு வெட்டி, எண்ணெய் ஊற்றி, சைக்கிள் பால்ரஸ் குண்டு ஒன்றைப் போட்டு, இரண்டு முனையையும் அடைத்து, வளைத்து வேனில் ஒட்டியிருந்தார். அசல் கருவியேதான். பள்ளிக்கு வெளியே இருந்த வளைவுகளில் என் உடம்பு பழைய பாடத்தை மறந்தது.

தனியாக ஓட்டிய அன்று பந்து நடுவில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. இறங்கி அப்பாவைத் தேடி ஓடினேன். வெறும் கையோடு, கண் கலங்கி நின்றார்.

“தண்ணி எங்கப்பா?”

“அதான் அட்வான்ஸா ஊத்திட்டனே.”

இன்றும் எங்கள் வீட்டில் ரிசல்ட் வருவதற்கு முன் யாராவது ஸ்வீட் வாங்கக் கிளம்பினால், அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள்: “அப்டியே அப்பாவோட பக்கெட்டையும் எட்துகினு போ!”