சம்திங் அண்ணையின் தயிர்ச்சட்டி

வன்னி முழுக்கத் தேடினாலும், ஆங்கிலத்தை அரைப் பக்கத்துக்குள் அடக்கியவர் சம்திங் அண்ணை ஒருவர்தான். விசுவமடுவில் உழவு மெசின் ஓட்டுபவர். நாற்பது வயதில் கிளிநொச்சியில் நடந்த ஞாயிற்றுக்கிழமை ஆங்கில வகுப்புக்கு வந்து என் பக்கத்தில் இருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். ஒரு பாடமும் விடாமல் எழுதினேன். அவர் ஒரே பாடத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அன்று மிஸ் படிப்பித்தது இதுதான். சாப்பிட ஏதாவது என்றால் சம்திங் டு ஈட். கதைக்க ஓர் ஆள் என்றால் சம்வன் டு டோக் டு. கடைசியில் வரும் குட்டிச் சொல்லை விடக்கூடாது என்று மூன்று முறை சொன்னார்.

"இது காணும் தம்பி. மனுசருக்கு வேற என்ன தேவை?" என்றார் அண்ணை.

அடுத்த வாரம் அவர் வீட்டுக் கதிரையில் 'சம்திங் டு சிட் ஒன்' என்று ஒரு துண்டு ஒட்டியிருந்தது. மண்வெட்டியில் 'சம்திங் டு டிக் வித்'. 'சம்வன் டு டோக் டு' என்ற துண்டோடு அண்ணை குசினிக்குள் போனபோது, அவர் மனைவி அக்கா அகப்பையோடு திரும்பினா.

"என்னில ஒட்டினியளெண்டா, இண்டைக்குச் சாப்பிட நத்திங்தான்."

இவ்வளவுக்கும் அவருக்கு அவசரம் இருந்தது. முதலாளி உழவு மெசினை விற்றுவிட்டார். கண்ணிவெடி அகற்றும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று சாரதி தேடியது; நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில். அது தவறினால் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போக வேண்டும்.

துணைக்கு நானும் போனேன். அண்ணையின் கையில் எருமைத் தயிர்ச்சட்டி. வேலை கேட்டுப் போகும் இடத்தில் இதற்கு வேறு பெயர் வைப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"முதன்முதலாப் போற இடமடா. கையை வீசிக்கொண்டு போறதே?"

கழுத்துப்பட்டி கட்டிய அலுவலர் சட்டியைக் கண்டதும் எழும்பிவிட்டார். லஞ்சம் கொண்டுவந்தவர் வெளியே போகலாம் என்றார். திறந்திருந்த கதவால் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. தேர்வு நடத்திய வெள்ளைக்கார அம்மா என்ன விஷயம் என்று கேட்டார். அண்ணை சட்டியை மேசையில் வைத்துவிட்டுத் தன்னிடமிருந்த ஆங்கிலம் முழுவதையும் வெளியே எடுத்தார்.

"நத்திங் டு ஹைட், மேடம். சம்திங் டு ஈட்."

பிறகு வெளியே வாங்கில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்த மற்ற ஆறு சாரதிகளையும் கைகாட்டினார்.

"எவ்ரிவன் டு ஈட் வித்."

மறைக்க ஒன்றுமில்லை, சாப்பிடத்தான், எல்லாரும் சேர்ந்து. அம்மா சிரிக்கவில்லை. கரண்டி கேட்டார். போட்டிக்கு வந்தவர்களும் அந்த அலுவலருமாகச் சட்டியைக் காலி செய்தார்கள். பிறகு காட்டுப்பாதையில் வாகனத்தை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

வேலை கிடைத்தது.

போன மாதம் வவுனியாவில் எனக்கு நேர்முகத் தேர்வு. இத்தனை வருடம் படித்தும் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன். மதிலோரம் மோட்டார் சைக்கிளில் அண்ணை இருந்தார். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"சும்மா வந்தனான். நீ உள்ள போ, நான் இதில நிக்கிறன்."

உள்ளே என்ன கேட்டார்கள் என்பது இப்போது சரியாக நினைவில்லை. அவர் வெளியே நின்றார் என்பது மட்டும் நினைவிருக்கிறது.